ராஜராணி வீசாத புத்தகங்கள்

பசுபதி ராஜராணியை முதலில் பார்த்தது 1986-இல், மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில். அவன் வீட்டிலேயே முதல் பட்டதாரி, அங்கே என்ஜினியர். அவள் யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், சால்டரிங் பிரிவு. இரண்டு பென்சிலால் அவள் மேசையை அடித்த அடியில் அவன் டப்பாவிலிருந்த மோர்க்குழம்பு அலை அடித்தது.

"உங்கட வேன் பெரிசுதானே? சனிக்கிழமை என்ர ட்ரம்ஸ் ஏத்திக்கொண்டு போகலாமோ?"

"கச்சேரிங்களா?"

"ஓம். காதுக்குப் பஞ்சு கொண்டு வாங்கோ. பிறகு என்னை ஏசப்படாது."

'சீயோன் ஸ்டீல்' என்பது இடுப்புவரை முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரப் பையன்களின் குழு. வாசிப்பது காதைப் பிளக்கும் ஹெவி மெட்டல், பாட்டெல்லாம் இயேசுவைப் பற்றி. அவர்களுடைய ட்ரம்மர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சரியாக அமைந்தால் கோடையில் டெக்ஸாஸ் பயணத்துக்கு ராஜராணிதான் என்று கிட்டார்காரன் கிரெக் சொல்லியிருந்தான். அப்படி ஓர் இடத்துக்காகத்தான் அவள் மூன்று வருடம் கராஜில் அடித்துப் பழகியிருந்தாள்.

சான் ஹோசேயில் ஒரு ஸ்கேட்டிங் அரங்கம். மாலை நான்கு மணிக்கே அறுநூறு பேர். முதல் அடி விழுந்ததும் பசுபதியின் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. என்ன அடி! இரண்டு காலும் இரண்டு பெடலில் குதிரை ஓட்டின. பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெஞ்சின்மேல் ஏறி, "போடுங்க! அப்படிப் போடுங்க!" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவர்களும் பொருள் தெரியாமலே "போடுங்க! போடுங்க!" என்றார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடைக்கு நான்கு பெட்டிகள் வந்தன. உள்ளே பைபிளின் புதிய ஏற்பாட்டுப் பிரதிகள். கிரெக் ஒன்றை எடுத்துச் சுழற்றிக் கூட்டத்துக்குள் வீசினான். மற்ற இருவரும் வீசினார்கள். அது அவர்களுக்கு வழக்கம், அதனால் அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ராஜராணியும் ஒன்றை எடுத்தாள். கை ஓங்கவில்லை. கீழே விழுந்த ஒன்றை எவனோ பூட்ஸால் மிதித்தான். பசுபதிக்கே பகீரென்றது. அவனுடைய வேதம் இல்லைதான், ஆனாலும் புத்தகமாயிற்றே! காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் அவன்.

"த்ரோ இட், ராணி!" என்று கிரெக் கத்தினான்.

அவள் பெட்டியோடு மேடையிலிருந்து இறங்கினாள். ஒவ்வொன்றாக, வலது கையால் கொடுத்தாள். முண்டியடித்த கூட்டம் எப்படியோ வரிசையானது. ஆணி வைத்த தோல்பட்டை கட்டிய ஒரு தடியன் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினான்.

மேடைக்குப் பின்னால் கிரெக் முகம் சிவந்து நின்றான். மின்னல் மாதிரி முடியவேண்டிய நிகழ்ச்சியை ரேஷன் கடை வரிசை மாதிரி இழுத்துவிட்டாளாம். டெக்ஸாஸில் வீசுவாயா, மாட்டாயா என்று கேட்டான்.

"சரின்னு சொல்லி வைங்க, அப்புறம் பார்த்துக்கலாம்," என்று கிசுகிசுத்தான் ட்ரம்ஸை ஏற்ற வந்திருந்த பசுபதி.

"நீங்கள் சும்மா இருங்கோ."

ட்ரம்ஸ் எப்படிச் சொன்னாலும் அடிப்பேன், வேதத்தை எறியமாட்டேன், வேண்டுமானால் வேறு ஆள் பார் என்று கிரெக்கிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அதற்குள் பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாம் வீசியவை. தரையிலிருந்து பொறுக்கியவை. அட்டை கிழிந்து, பூட்ஸ் தடம் பதிந்து கிடந்தன. அவள் கையால் கொடுத்த பக்கத்தில் தரையில் ஒன்றுகூட இல்லை என்றான்.

கிரெக் ஒன்றை வாங்கி, தடத்தைச் சட்டையால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. டல்லஸில் ஆயிரம் பேர் வருவார்கள், ஒருத்தி கொடுத்து மாளாது, நான்கு பேருமே இறங்குவோம் என்றான்.

ராஜராணி இரண்டு கோடை டெக்ஸாஸைச் சுற்றினாள். எண்பத்தெட்டில் குழு கலைந்தது. இப்போது டல்லஸுக்குப் பக்கத்தில் ஆலனில் இருக்கிறாள். பகலில் டிவி ரிப்பேர் கடையில் வேலை. சனிக்கிழமைகளில் வேறொரு கிறிஸ்தவ மெட்டல் குழுவுக்கு ட்ரம்ஸ் வாசிக்கிறாள்.