ஹமீதா பானுவின் தட்டான்கள்

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறார் ஹமீதா பானு. கணவர் ஹஸ்ஸானுக்கு மஸ்கட்டில் மளிகைக் கடை ஒன்றில் வேலை. பள்ளியில் ஹமீதாவுக்கு அறிவியல் என்றாலே அலுப்பு. விடையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் அறிவியல் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவர் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டார். வயல் பக்கமிருந்து மஞ்சள் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து தலைக்கு மேல் சுற்றின. ஒன்றுகூட எங்கும் உட்காரவில்லை. வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினார்.

மதியம் ஹஸ்ஸான் போன் செய்தார். “இதே மாதிரி தட்டான இங்க கடை வாசல்லயும் பார்த்திருக்கேன் புள்ள. இந்தப் பாலைவனத்துல எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல.”

பிளவுஸ் வெட்டும்போதும் ஹமீதாவுக்கு அதே யோசனை. செல்போனில் தேடியதில், பொதுமக்கள் தாங்கள் பார்த்த தட்டான்களைப் படத்தோடு பதியும் ஒரு குழு கிடைத்தது. அதை நடத்தும் ஆய்வாளர் பூர்ணிமாவிடம் போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

“மேடம், எங்க ஊர்ல பறக்கறதுதான் மஸ்கட்டுக்குப் போகுதுங்களா?”

“தெரியாதுங்க” என்றார் பூர்ணிமா. “கடல் தாண்டக்கூடிய பூச்சிதான். ஆனா உங்க ஊருக்கு வர்றது எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு எங்களுக்கும் தெரியல. அங்கங்க இருக்கறவங்க பார்த்துச் சொன்னாத்தான் கொஞ்சமாவது புரியும்.”

ஆராய்ச்சி செய்கிற ஒருவர் ‘தெரியாது’ என்று இவ்வளவு லேசாகச் சொல்லி ஹமீதா கேட்டதே இல்லை. அப்படியானால் தனக்கும் இதில் வேலை இருக்கிறது என்று தோன்றியது.

மறுவாரமே தொடங்கினார். கடை திறக்கும் முன் ஸ்கூட்டியில் வாய்க்கால் கரைக்குப் போய்ப் படமெடுத்தார். முதலில் அனுப்பிய படத்துக்குத் தப்பான பெயர் போட்டிருந்தார். அந்தப் பெயருக்குரிய தட்டானின் படத்தைப் போட்டுக் குழுவில் ஒருவர் திருத்தினார். கூச்சமாக இருந்தது. ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இறக்கையின் நிறம் வேறுபடுவது தெரிய, கூச்சம் போய்க் குஷி வந்துவிட்டது. மஸ்கட்டில் ஹஸ்ஸானும் விடுமுறை நாட்களில் படமெடுத்து அனுப்பலானார்.

அடுத்த ஐப்பசியில் மழை பிந்தியது. தட்டான்களையே காணோம். “இந்த வாரம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று பூர்ணிமாவிடம் சோர்ந்துபோய்ச் சொன்னார் ஹமீதா.

“அதையே பதியுங்க. வரலங்கறதும் எங்களுக்குத் தகவல்தான்” என்றார் பூர்ணிமா.

வெறும் வானத்தையும் விடாமல் பார்த்துப் பதிந்துவந்தார் ஹமீதா. கார்த்திகை பிறந்து, மழை கொட்டித் தீர்த்தபின் வந்த ஒரு வெயில் காலையில் அவை வந்து சேர்ந்தன. ஹஸ்ஸான் விடுப்பில் ஊர் வந்திருந்த நேரம். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வீட்டில் டீயோடு உட்காரவைத்துவிட்டு, இருவரும் வாய்க்கால் கரையில் நின்றிருந்தார்கள்.

“போலாமா? மாமா காத்துக்கிட்டிருப்பாரு” என்றார் ஹஸ்ஸான்.

“செத்த இருங்க மச்சான்” என்றார் ஹமீதா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. சம்பா நாற்றுகளுக்கு மேல் இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது.