தரங்கம்பாடியில் என் தூது வேலை

டென்மார்க் தேசத்தை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்று அந்தத் தேசமும் ஆசைப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆனாலும் டேனிஷ்காரர்கள் கட்டிய ஊர் ஒன்றுக்கு ஏழு வயதிலேயே போய் வந்திருக்கிறேன். அங்கே நான் செய்த காரியத்துக்கு, அவர்கள் கோட்டையிலேயே என்னைப் பூட்டி வைத்திருக்கலாம். செய்யவில்லை. டேனிஷ்காரர்கள் அதற்கு நூறு வருஷம் முன்பே ஊரை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்கள் ஊர் ஆவூர். புதுக்கோட்டைச் சீமையில் பழைய மாதா கோயில் உள்ள ஊர். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவர். கல்யாணமாகி ஆறே மாதத்தில் கப்பலேறியவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. சண்டை முடிந்துவிட்டதென்று பூசையில் சாமியார் அறிவித்த அந்த ஆவணியில், சித்தி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் திரும்பி வர வேண்டும்; அதற்காக அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றுவாள்.

உயரத்தை அளக்க ஆள் கையில் இல்லை. சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் குனிய மறந்து தினமும் நெற்றியை இடித்துக்கொள்வாராம். ஆகவே சித்தி வாசல்நிலைக்கு நூல் பிடித்து, நெற்றிக்கு மேல் தலை இருக்கிறதே என்று நாலு விரற்கடை சேர்த்துக்கொண்டாள். சண்டை விட்டுப்போன பஞ்சத்தில் மெழுகு கிடைக்கவே கோடை வந்துவிட்டது. திருச்சியில் வார்த்து வாங்கிய திரியை ஒரு மூங்கில் பிளாச்சோடு சேர்த்து வைத்து, அவளுடைய கல்யாணச் சேலையால் சுற்றிக் கட்டினாள். சித்தப்பா அதற்குள் படுத்திருப்பதுபோல இருந்தது. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அம்மா என் தம்பியைப் பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதனால் அப்பா, சித்தி, நான் மூவரும் புறப்பட்டோம். என்னை அழைத்துப் போனது பாசத்தால் அல்ல, அவசியத்தால். கணவனின் அண்ணனோடு ஒரு பெண் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இரண்டு முழம் தள்ளி நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போய் வர வேண்டும்.

“ஒங்க அப்பாருகிட்ட தண்ணி வேணுமான்னு கேளு, தாயி.”

“வேணாம்னு ஒங்க சித்திகிட்ட சொல்லு.”

சொன்னது மற்றவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் ஒரு முறை சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். தபால் இலாகாவுக்கு முத்திரை எப்படியோ அப்படி. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அது என்ன கடிதம் என்று பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு பள்ளிக்கூட முகவரிக்கு வந்திருக்கிறது. சித்தப்பாவோடு வேலை பார்த்தவர் எழுதியது. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப்போனபோது சித்தப்பாவையும் பிடித்துப்போனான், காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார் என்று. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியிடம் அதைச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. தம்பி மனைவியிடம் சொல்ல வாய் கிடையாது. இருந்த ஒரே வாய் நான்.

நாகப்பட்டினம் போகும் ரயிலில் ஏறியிருந்தால் ஒரே நாளில் வேளாங்கண்ணி. அப்பாவோ மாயவரத்தில் இறங்கி, அங்கிருந்து தரங்கம்பாடிக்குக் குட்டி ரயில் பிடித்தார். டேனிஷ்காரர் ஊரைப் பார்க்காமல் சரித்திரம் நடத்துவது பாவம் என்று எனக்குச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். சித்தி திரியை இரண்டு கையிலும் ஏந்தியபடி வந்தாள், வண்டி ஆட்டத்தில் தலை இடிக்காமல்.

ஊருக்குள் நுழைய ஒரு வெள்ளை வாசல். அதன் பிறகு நேராக ஒரு வீதி, இரண்டு பக்கமும் தூண் வைத்த வீடுகள், கடைசியில் கடல். அப்பா ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்றார். இதில் கவர்னர் இருந்தான், இதில் வியாபாரி இருந்தான், இங்கேதான் அச்சுக்கூடம் போட்டான் என்று விளக்கினார். எனக்கு விளக்கினாரா, வீட்டுக்கு விளக்கினாரா தெரியவில்லை. ஒரு வேதக்கோயிலுக்குள் சித்தி ஆவலோடு போய், மாதா சுரூபம் எங்கேயும் இல்லையென்று பதறி வெளியே வந்தாள்.

“மாதா இல்லாத கோயிலு என்ன கோயிலுன்னு ஒங்க அப்பாருகிட்ட கேளு.”

கேட்டேன். “இது லூத்தரு சபை. நம்ம மாதிரி இல்லன்னு சொல்லு” என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு வேறு கவலை. காலையிலிருந்து ஒரு டேனிஷ்காரனைக்கூடக் காணோம். கடற்கரைக் கோட்டை வாசலில் காவற்காரர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன்.

“டேனிஷ்காரங்களா? நெறைய இருக்காங்களே! எல்லாரும் கல்லறையில படுத்திருக்காங்க. போய்ப் பாரு பாப்பா, ஒருத்தரும் எந்திரிச்சுப் போவல” என்று அவர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

அப்பா முகம் சுண்டிப்போனது. நான் கேட்ட கேள்வியின் அசட்டுத்தனத்தால்தான் என்று வெட்கப்பட்டேன்.

கோட்டைக்குள் ஏறி, அப்பா கடலைப் பார்த்து நின்றார். சித்தி திரியை மதில் நிழலில் சாய்த்துவிட்டு, நாலடி தள்ளிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அங்கே ஒரு பீரங்கி கிடந்தது. எனக்கு உடனே ஒரு சந்தேகம்: பீரங்கி நீளமா, சித்தப்பா நீளமா? சரித்திர வாத்தியார் மகளுக்கு வர வேண்டிய சந்தேகம்தான். கட்டை அவிழ்த்தேன். பிளாச்சை எடுத்துவிட்டு, திரியைப் பீரங்கியின் மேல் கிடத்தினேன். சித்தப்பாதான் நீளம். அந்த வெற்றியை ரசித்துக்கொண்டு நின்றேன்.

உச்சி வெயிலில் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. திரி நடுவில் இளகி, இரண்டு பக்கமும் தலையும் காலும் தொங்கின. பயந்து தூக்கி நிமிர்த்தினேன். இரண்டாக முறிந்து, பாதி தரையில் விழுந்தது.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடிக்காகக் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகட்டும். அது இனிமே வேணாம்னு ஒங்க சித்திகிட்ட சொல்லு.”

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான செய்தியை நான் சுமந்ததில்லை. ஓடினேன். “சித்தி, திரி இனிமே வேணாமாம்! அப்பா சொல்லிட்டாங்க!” என்று குதித்தேன். ஒரு சொல்லையும் மாற்றாத நான், குதிப்பை மட்டும் சொந்தமாகச் சேர்த்தேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

“ஏன் வேணாம்னு கேளு.”

கேட்டேன். அப்பா திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, “இதக் குடு” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு தாளைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அழவில்லை. மதிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். தாளில் ஓர் இடத்தில் மை கலைந்திருந்தது. அங்கே விரலை வைத்துக்கொண்டாள்.

“எந்த மாசம்னு கேளு.”

“போன ஆடின்னு சொல்லு.”

“பக்கத்துல யாரு இருந்தாகன்னு கேளு.”

“எழுதுனவரு இருந்திருக்காருன்னு சொல்லு.”

இப்படி நாலடிக்குள் ஓடி ஓடிக் கேள்வியும் பதிலும் கொண்டுபோனேன். என்ன பேசுகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. தூதுக்கு அது தேவையில்லை. இத்தனை செய்திகள் ஒரே மூச்சில் எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை. முறிந்த திரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற நிம்மதி வேறு.

சித்தி விரல் மடக்கி ஏதோ எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு, காற்றில் பறந்த தலைப்பைக்கூட இழுத்துக்கொள்ளாமல், மிக மெதுவாகச் சொன்னாள்.

“நா நேந்துக்கிட்டது ஆவணிலன்னு சொல்லு, தாயி.”

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தோள் ஆடிக்கொண்டிருந்தது. எந்தச் செய்திக்கும் பதில் வாங்காமல் நான் திரும்பியதில்லை. அதுதான் என் தொழில் நேர்மை. அலைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை போலும் என்று, வேட்டியைப் பிடித்து இழுத்து, கோட்டையெல்லாம் கேட்கும்படி இன்னொரு முறை கத்திச் சொன்னேன்: “ஆவணியாம்ப்பா!”