ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து நாவலூர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற முதல் பெண் சிநேகா. அம்மா காசியம்மாளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. இருக்காதா பின்னே?

தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வருகைப்பதிவு ஆப் ஒன்றை அந்தக் கம்பெனி செய்தது. அதன் விவரங்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் சிநேகாவின் பொறுப்பு. ஆட்களின் பட்டியலுக்கு ஒரு டேபிள், அவர்கள் உள்ளே நுழைகிற லாகின்களுக்கு ஒரு டேபிள். ஆளுக்கொரு தனி ஐடி கொடுத்திருக்கலாம். இவள் செல்போன் நம்பரையே ஐடியாக வைத்து, ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் என்று பூட்டும் போட்டாள். லாகின் டேபிளும் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கியது. கச்சிதம் என்றான் டீம் லீடர் ஹேமந்த். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

காசியம்மாளும் பக்கத்து வீட்டுப் பார்வதமும் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் தேய்த்தார்கள். புருஷன் தவறிய பிறகு பார்வதம் தனியாகப் போன் வைத்துக்கொள்ளவில்லை. காசியம்மாள் நம்பர்தான் அவளுக்கும். ஆப் வந்த அன்று காசியம்மாள் பெயர் ஏறியது. பார்வதம் பெயரைப் போட்டால், இந்த நம்பரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று திருப்பியடித்தது. பதிவில் இல்லாதவளுக்கு வேலையில்லை என்று கான்ட்ராக்டர் கையோடு வேறு ஆளை வைத்துவிட்டார். பாவி மனுஷன், ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா!

விஷயத்தை அம்மா சொல்ல, மறுநாள் சிநேகா ஹேமந்திடம் ஓடினாள். "ஆளுக்குத் தனி ஐடி குடுத்துடலாம் ஹேமந்த். ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருந்தா இருந்துட்டுப் போட்டும்."

"எல்லா லாகினும் அந்த நம்பர்லதான் கோத்துகினு கீது. இப்ப கை வச்சா மொத்தமும் புட்டுக்கும். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்றான்.

அன்று சாயங்காலம் சிநேகா புதுப் போனும் சிம்மும் வாங்கிக்கொண்டு நேராகப் பார்வதத்தின் வீட்டுக்குப் போனாள். அங்கே காசியம்மாளும் இருந்தாள்.

"வேலையே பூட்ச்சி, இத வச்சிகினு நான் இன்னா கண்ணு பண்றது?" என்று பார்வதம் போன் இருந்த பையை வாங்கவில்லை. "எந்தக் கட்டையில போறவன் பண்ண ஆப்போ! என் பொயப்புல மண்ணப் போட்டுட்டான். அவன் வெளங்குவானா?"

சொல்லிவிடாதே என்று காசியம்மாள் கண்ணைக் காட்டினாள்.

"நான்தான் அந்த ஆப்ப பண்ணேன்."

பார்வதம் திட்டவில்லை.

"நீயா? நீ காலேஜுக்கு எழுதிப் போட்டப்போ உங்க வூட்ல போனே கெடயாதேம்மா. எங்க வூட்டுக்காரு நம்பரத்தான குடுத்த? சீட்டு கெடச்சிடுச்சின்னு அவருதான ஓடியாந்து சொன்னாரு?"

அது சிநேகாவுக்கு மறந்தே போயிருந்தது.