ஆறின ஊசி

குடுமியான்மலைக் கண்ணாத்தாளுக்கு நன்றி சொல்வது ஒரு வியாதி. பஸ் நின்றால் டிரைவருக்கு நன்றி. நிற்காமல் போனால், புழுதி கிளப்பாமல் போனாரே என்று நன்றி. 1957-இல் மகன் சேவுகனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வார்டில் சேர்த்துக்கொண்ட சின்ன ஆஸ்பத்திரியைச் சும்மா விடுவாளா? கம்பவுண்டர் அடைக்கலத்தின் மேஜைக்கு நாள் தவறாமல் முருங்கைக்காய் போனது.

அடைக்கலமும் நன்றி கெட்டவரல்ல. பதிலுக்குச் சேவுகனுக்குக் கடைசி ஊசி கொடுத்தார்.

அது பெரிய சலுகை. காலையில் ஒரு தரம்தான் ஊசியைக் கொதிக்க வைப்பார். அதே ஊசி, அதே கண்ணாடிக் குழல், வார்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும். நடுவில் பஞ்சால் ஒரு துடைப்பு. கொதித்த ஊசி பிள்ளைக்குச் சூடு என்பது தாய்மார்களின் தீர்ப்பு. ஆகவே ஆறின ஊசிக்குத்தான் போட்டி. கொடுக்க ஏதுமில்லாத இருளாயியின் மகளுக்கு எப்போதும் முதல் ஊசி.

"பாவம், சுடச்சுடக் குத்துறாங்களே" என்று கண்ணாத்தாள் இரக்கப்பட்டாள்.

சேவுகன் தேறி வீடு போனான். சில மாதம் கழித்துக் கண் மஞ்சளித்தது, சோறு இறங்கவில்லை. கீழாநெல்லிக்கும் கேட்காமல் துவண்டுபோனவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தாள். அங்கே, ஊசி போட்டுப் போன பிள்ளைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகத் திரும்பிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த டாக்டர் அமராவதி கேட்டார்:

"இவனுக்கு யாருக்கு அப்புறம் ஊசி போட்டாங்க?"

"எல்லாருக்கும் அப்புறந்தாங்க. முருங்கைக்காய் குடுத்துல்ல அந்த எடத்தை வாங்குனோம்."

"மொத ஊசி?"

"இருளாயி மகளுக்கு. அவ ஒண்ணுமில்லாம குதிச்சுக்கிட்டுத் திரியிறா."

அடைக்கலம் பஞ்சு டப்பாவை மூடினார்.

"ஒரு பிள்ளை ரத்தத்துல இருக்குற நோயை ஊசி அடுத்த பிள்ளைக்குக் கொண்டுபோயிருக்கும்மா. ஒவ்வொருத்தருக்கும் கொதிக்க வச்சிருக்கணும்."

"பொழைச்சிருவானாங்க?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"படுக்க வச்சுப் பாப்போம்."

நெடுநாள் கிடந்து, பிழைத்தான்.

அதன்பின் பிள்ளைக்குப் பிள்ளை ஊசி கொதித்தது. ஸ்டவ் எண்ணெய் குடித்தது. கூடுதல் எண்ணெய் எதற்கு என்று மேலிடம் கேட்டது. மஞ்சள் காமாலை எதனால் என்று அது கேட்டதில்லை.

ஒருநாள் கண்ணாத்தாள் அடைக்கலத்தின் மேஜைமேல் ஒரு போத்தல் சீமெண்ணெயை வைத்தாள்.

"முருங்கை காய்க்கலையா ஆத்தா?"

"காய்ச்சுத் தொங்குது. அதைப் பிழிஞ்சு ஊத்துனா ஸ்டவ்வு எரியுமாங்க?"

அடைக்கலம் எழுந்து நின்று நன்றி சொன்னார். நன்றி வாங்கிப் பழக்கமில்லாத கண்ணாத்தாள், அதை அவருக்கே திருப்பிச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.