இப்ப போறன், நாளைக்கு வருவன்

ஜெயமலர் ஆங்கிலம் படித்தது வானிலை அறிக்கையில்தான். தொண்ணூற்றொன்றில் அகதியாக ரொறொன்ரோ வந்து இறங்கியபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. வகுப்புக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. ரீவியில் வானிலைக்கென்றே ஒரு சனல் இருந்தது. திரையில் எழுத்து ஓடும், அதையே ஒருவர் வாசிப்பார், பத்து நிமிடத்தில் திரும்பவும் அதையே வாசிப்பார். அவளுக்காகச் சலிக்காமல் திரும்பச் சொன்னது அந்தச் சனல் மட்டும்தான். நாலு வருடத்துக்குப் பிறகும் வாடகைப் பத்திரம் அவளுக்கு விளங்காது. ஆனால் வரைபடத்தில் மேற்கிலிருந்து நகரும் பல்லுவைத்த நீலக் கோடு கோல்ட் ஃப்ரொன்ற், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு என்பதும், கொதித்துக் கிடக்கிற காற்றுக்குள் அது புகுந்தால் இடியும் ஆலங்கட்டியும் வரும் என்பதும் நன்றாகவே விளங்கும்.

கோடையில் அவள் அஜக்ஸ் நகருக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் போஞ்சிக்காய் பிடுங்கினாள். விடிய ஐந்து மணிக்கு அவள் குடியிருந்த டோர்செட் பார்க்கிலிருந்து வின்சன்ற் தன் வான் வண்டியில் பதினாறு பெண்களை ஏற்றிப் போவான். தோட்டத்தில் மேற்பார்வைக்கு றொபேட் என்ற வெள்ளைக்காரர். வயல் வெளியில் ஒதுங்க ஒரு கொட்டில்கூடக் கிடையாது.

தொண்ணூற்றைந்து யூலை தொடக்கத்தில் ஒருநாள், மழை வருகிறது என்று அவள் சொன்னதை நம்பி எல்லோரும் வானுக்குள் போய் இருந்தார்கள். வடக்கே நாலு தடவை உறுமிவிட்டு மேகம் வேறு பக்கம் போனது. ஒரு துளி விழவில்லை. றொபேட் அன்றைய கூலி இல்லாமல் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் வானுக்குள் கூடப் பிடுங்கும் தவமணி அன்ரி, "உன்ர ரீவி சொன்னதுக்கு எங்கட வயித்தில ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார். வீட்டில் கணவன் குலசிங்கமும், இனி வாயைத் திறக்காதே என்றுதான் சொன்னார்.

"பிழை விட்டது மழை. நான் பிழை விடேல்லை," என்றாள் ஜெயமலர்.

அதற்கு அடுத்த கிழமை வெக்கை வந்து குந்திக்கொண்டது. ஒன்பதாம் மாடியில் அவர்களின் வீட்டுச் சுவரைத் தொட்டால் சுட்டது. நாலு நாள் ஒருவரும் சரியாக உறங்கவில்லை. ஐந்தாம் நாள் விடிய அவள் ரீவியைப் போட்டபோது நீலக் கோடு ஹியூரன் ஏரிக்கு மேலே நின்றது. பின்னேரம் ரொறொன்ரோவைக் கடக்கும் என்றார்கள்.

இரண்டு மணிக்கு வயலில் காற்று அடியோடு நின்றது. மேற்கு வானம் கன்றிய காயத்தின் நிறத்துக்கு மாறியது. முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஒரு குளிர்காற்று அவள் கழுத்தைத் தொட்டுப் போனது. ஜெயமலர் நிமிர்ந்தாள். நேரே றொபேட்டிடம் போய் மேற்கைக் காட்டி, இடி வருகிறது, நான் போகிறேன் என்றாள். போனால் நாளைக்கு வரவேண்டாம் என்றார் அவர்.

"நோ. நவ் ஐ கோ. டுமாறோ ஐ கம்," என்றாள்.

ஒருவரும் பின்னால் வரவில்லை. வயலின் ஓரத்தில் வான் பூட்டிக் கிடந்தது. வின்சன்ற் பக்கத்திலிருந்த மேப்பிள் மரத்தடியில் நின்றான். றொபேட் சொல்லாமல் திறக்கமாட்டேன் என்று மறுத்தான்.

"நீர் றொபேட்டுக்குப் பயப்பிடுறீர். நான் இடிக்குப் பயப்பிடுறன். மரத்தை விட்டு வந்து கதவைத் திறவும், தம்பி."

அவன் பொக்கற்றுக்குள்ளிருந்து வான் திறப்பை எடுத்த கணத்தில் பக்கத்து வயலில் இடி விழுந்தது. கண் வெளுத்துப்போனது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஆலங்கட்டி, தேசிக்காய் அளவில். வானுக்குள் தலைகளை எண்ணிய ஜெயமலர் தவமணியைக் காணாமல் திரும்பவும் வெளியே பாய்ந்தாள்.

தவமணி அன்ரி நிரையின் நடுவே குந்தி, கொட்டுண்ட போஞ்சியைக் கூடைக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். நெற்றியில் இரத்தம்.

"கூடையை விடுங்கோ அன்ரி."

"விடமாட்டன்."

வாதாட நேரமில்லை. ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டே இருவரும் ஓடினார்கள். அவர்கள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தியபோது, பாதைக்குக் குறுக்கே மின்கம்பம் ஒன்று கம்பிகளோடு சரிந்தது. மின்சாரக்காரர்கள் வந்து சேரும்வரை மூன்று மணி நேரம் வானுக்குள்ளேயே இருந்தார்கள். றொபேட்டும் தன் ட்ரக்குக்குள் அசையாமல் இருந்தார்.

மறுநாள் விடியவே, அவளைக் கூட்டி வரவேண்டாம் என்று றொபேட் போனில் சொன்னதாக வின்சன்ற் சொன்னான். ஜெயமலர் முன்சீற்றில் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டாள்.

"இறக்கிறதெண்டால் அவர் இறக்கட்டும். நீர் வானை ஓட்டும்."

ஆலங்கட்டி அடித்து வயல் பாதி சப்பளிந்து கிடந்தது. றொபேட் அவளைக் கண்டதும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஜெயமலர் கூடையை எடுத்துக்கொண்டு தன் நிரைக்குள் இறங்கினாள். அவர் பின்னாலேயே வந்து இன்னொரு தடவை சொன்னார். அவள் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினாள். பக்கத்து நிரைகளில் பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் ஒரு காயும் பிடுங்கவில்லை. அவர் நிரை நிரையாக அவர்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ட்ரக்குக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு கோடை அவள் அங்கே வேலை செய்தாள். ஒஷாவாவில் கார்ப்பாகம் செய்யும் ஒரு பக்ரறியில் வேலை கிடைத்தபோது, அவளாகத்தான் தோட்ட வேலையை விட்டு நின்றாள்.