துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி

சிங்கப்பூரில் உச்சி வெயிலில் சினிமாவுக்குப் போகிறவர்கள் கையில் கம்பளிச் சட்டையோடு போகிறார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. உள்ளே குளிர்மெஷின் ஓடுகிறது என்று தெரியாமல் முதல் தடவை போய் உட்கார்ந்தபோது பல் தந்தியடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு கம்பளிச் சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு பகல் காட்சிக்கு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். எங்கள் ருஷ்யக் கதையை ஹாலிவுட்காரர்கள் படமாக எடுத்திருந்தார்கள்.

எங்கள் கதை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. திருவரங்குளத்து மளிகைக்கடைக்காரர் பொட்டலம் கட்டுவதற்காகப் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டிருந்த தமிழ்ப் புத்தகம் அது. மிச்சத்தைக் கெஞ்சி வாங்கி வந்தேன். நான் கப்பலேறுவதற்கு முந்திய மாதம் முழுக்க நான் வாசிக்க, என் மனைவி சிவகாமி புளியங்கொட்டை எடுத்தபடி கேட்டாள். சண்டைக்குப் போன கணவனுக்காகப் பனியில் ஒருத்தி காத்திருக்கிறாள். அவன் திரும்பினானா என்பது எந்த வீட்டுக்குக் கடுகோடு போனதோ தெரியாது. ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று கிளம்பியவன் நான். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதியே நாலு வருஷம் ஓடிவிட்டது. படம் வந்திருக்கிறது என்று எழுதியதும் பதில் போட்டாள்: "பாத்துட்டு எழுதுங்க. அவன் வந்தானா, இல்ல அவ காத்திருந்ததுதான் மிச்சமா? அது தெரிஞ்சாப் போதும்." அவள் ருஷ்யாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குப் புரியாமலில்லை.

படமா அது! திரை முழுக்கப் பனி, கண்ணுக்கெட்டியவரை குதிரைகள். நடுங்கிக்கொண்டே நானும் அந்தப் படையோடு நடந்தேன். நடுவில் ஒரு இடைவேளை விட்டார்கள். பிறகு ஒருவழியாக அவன் தாடியும் கிழிந்த கோட்டுமாக வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் கதவைத் திறந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே நிற்க, விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நான் அசையவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து டெண்ட் கொட்டகைகளில் ஒரே மெஷின். ரீல் மாற்ற மூன்று இடைவேளை விடுவார்கள். இது இரண்டாவது, இனிமேல்தான் பேசப்போகிறார்கள் என்று கடலையை உரித்தேன். பெருக்க வந்த சீனப் பெரியவர் காலி நாற்காலிகளைக் காட்டி, "ஹாபிஸ்" என்றார். மலாயில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் எப்படி முடியும்? இன்னும் இரண்டு பாகம் பாக்கி என்று இரண்டு விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டி, என் கையைப் பிடித்து டிக்கெட் ஜன்னலுக்குக் கூட்டிப்போய், அடுத்த காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்க வைத்துவிட்டார்.

மறுபடியும் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார வந்தவரிடம் "ஆள் வருது" என்று தமிழிலேயே சொல்லி, என் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். அவன் வாசலுக்கு வந்தபோது அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன்: "அவன் வந்துட்டான், வாசல்ல நிக்கிறான். மிச்சத்தை நாமதான் பேசிக்கணும். தை மாசக் கப்பல்ல வாரேன்." துண்டு போட்ட நாற்காலிக்கான கிழிக்காத டிக்கெட்டையும் உறைக்குள் வைத்தேன். நான் போய்த் திரும்புகிற வரைக்கும் கிடங்கில் என் நாற்காலிக்கு யார் துண்டு போட்டு வைப்பார்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.