கிணத்தடிக் கல்லு

எங்க வீடு உழவர்கரைக்கு மேற்கே, பாண்டி முடியற இடத்துல இருக்கு. தோட்டத்துக்கு அந்தாண்ட தமிழ்நாடு. அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் வயல் வயலா பங்கு போட்டுக்கிட்டானுங்க. நடுவுல யாரு குடியிருக்காங்கன்னு எவனும் கேக்கல. எங்க கோழி தெனம் ரெண்டு தடவை மாநிலம் தாண்டிட்டு வரும்.

கல்யாணமாகி வந்த புதுசுல துவைக்க ஒரு கல்லு கிடையாது. தோட்டத்துக் கடைசியில வழவழன்னு ஒரு கருங்கல்லு நட்டிருந்துச்சு. நானும் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டு நெம்பி, வாசல் பக்கம் கிணத்தடிக்கு உருட்டிக்கிட்டு வந்துட்டோம். ஒரு பக்கம் ஏதோ எழுத்து வெட்டியிருந்துச்சு. துணி கிழியும்னு அதை மண்ணுல கவுத்தோம். குழி ஏன் சும்மா கிடக்கணும்னு முருங்கைக் கொம்பு ஒண்ணு நட்டேன். இருபது வருஷம் அந்தக் கல்லுலதான் துவைச்சேன்.

போன வருஷம் எம்பொண்ணு கதிர்காமத்துல இருக்கற பாண்டி கவர்மெண்டு மெடிக்கல் காலேஜுல சேரணும்னா. மார்க் இருந்துச்சு. பாண்டிக்காரின்னு குடியிருப்புச் சான்று வேணும். எல்லையோர வீடாச்சே, அளந்து பாக்க சர்வேயர் வந்தாரு. மேப்பு பழசு, மடிப்பெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு.

“எல்லைக்கல்லை வெச்சுத்தான் அளக்கணும். அதைப் பேத்தா கேஸு, தெரியும்ல?”ன்னு சொல்லிக்கிட்டே தேடுனாரு. தோட்டத்துல இல்ல. திரும்பி வரும்போது கிணத்தடியில கண்ணு பட்டுச்சு. ஆளை விட்டுப் புரட்டினாரு, வெட்டியிருந்த எழுத்து தெரிஞ்சுச்சு.

“கல்லு வாசல்ல இருக்குதேம்மா. அப்போ அதுக்குப் பின்னால இருக்கற உங்க வீடு தமிழ்நாடு.”

பொண்ணு முகம் செத்துப்போச்சு. கடப்பாரை பிடிச்ச வீட்டுக்காரரு நைசா என் முதுகுக்குப் பின்னால போயிட்டாரு. கேஸு வந்தா வரட்டும், பொண்ணு படிக்கணும்னு நானே சொல்லிட்டேன்.

“சார், மாதா மேல சத்தியமா, அதைப் பேத்தது நாங்கதான்.”

“எதுக்கு?”

“துவைக்க.”

“எங்க இருந்துச்சு?”

“அதோ, அந்த முருங்கைதான் சார் எல்லை.”

அவரு சிரிக்கக்கூட இல்ல. முருங்கையிலேர்ந்து டேப்பு பிடிச்சாரு. வீடு முழுசும் பாண்டியிலதான் இருந்துச்சு. கேஸெல்லாம் வேணாம், கல்லை எடுத்த இடத்துலயே நட்டுடுங்கன்னாரு. வயசான மரம், வெட்டறப்போ மனசு கேக்கல. ஒரு வாரம் முருங்கைக்காய் சாம்பார்தான்.

பொண்ணு இப்போ தெனம் பஸ்ல கதிர்காமம் போறா. டாக்டருங்க போடற வெள்ளைக் கோட்டை அழுக்காக்கிட்டு வர்றா. வேற கல்லு வாங்கிப் போட்டோம், கைக்கு ஒத்து வரல. அதனால வாளியைத் தூக்கிக்கிட்டு எல்லையில நட்ட பழைய கல்லுக்கே போறேன். சோப்புத் தண்ணி தமிழ்நாட்டுக்கு ஓடுது, அதுக்கு யாரும் சான்று கேக்கல. ஆனா எனக்கு இன்னும் பயம் போகல. அந்தக் கோட்டைத் துவைக்கறப்போ மட்டும் ரெண்டு காலையும் பாண்டிப் பக்கமே வெச்சுக்கிறேன். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் அப்படித்தான்.